பதினான்காம் படுக்கையின் அழைப்பு

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆளில்லாத அலுவலகத்தில், ஏசி நின்ற புழுக்கமும் கம்பளத்தின் ஈர வாடையும் மூக்கில் ஏற, ஆஸ்பத்திரிக்காகத் தான் எழுதிக் கொடுத்த அழைப்பு மென்பொருளின் பதிவேடான லாக் ஃபைலை அவன் திறந்தபோது பதினான்காம் படுக்கையிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. அந்தப் படுக்கையிலிருந்த பெரியவர் இறந்து ஒன்பது நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அந்த அறையையே பூட்டிவிட்டார்கள்.

தப்பு அவனுடையது. நோயாளி பட்டனை அமுக்கினால் நர்ஸின் போனில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியடிக்கும் பாகத்தை, நிரலுக்கு அடித்தளமான ஜாவா ஃப்ரேம்வொர்க்கே பொருத்தித் தரும். அவசரத்தில் அவன், அழைப்பை வாங்கும் நிரல் துண்டான கிளாஸை ‘நியூ’ என்ற கட்டளை போட்டுக் கையாலேயே உருவாக்கினான். அப்படி உருவாக்கியதற்குள் ஃப்ரேம்வொர்க் எதையும் பொருத்தாது. மணி இருக்க வேண்டிய இடம் காலி. காலி இடத்தைத் தொடும்போதெல்லாம் நல் பாயிண்டர் எர்ரர் என்ற பிழை வந்து உயிரை வாங்கவே, காலியாக இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடு என்று ஒரு வரி எழுதி அதன் வாயை அடைத்தான். பெரியவர் விடிய விடிய அமுக்கியிருக்கிறார்.

பழியைப் பக்கத்து சீட்டுக்காரியின் மேல் போட்டான். அவள் வாதாடவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று பையை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனாள். அதை நினைத்தாலே கூனிக் குறுகிப் போவான். இப்போதும் உண்மையைச் சொல்ல வரவில்லை. நாளைய விசாரணைக்கு முன் தடயத்தைத் துடைக்க வந்திருக்கிறான். வெட்கங்கெட்ட பிழைப்பு.

லாகில் இன்னோர் அழைப்பு. மூன்று நிமிடம் கழித்து இன்னொன்று. ஒவ்வொன்றும் அவன் எழுதிய வரி வரை வந்து திரும்பிப் போனது. ஒயர் கோளாறு என்று தன்னையே தேற்றிக்கொண்டு, ‘நியூ’வை அழித்தான். அந்த வரியையும் அழித்தான். சர்வரை மறுபடி ஓட்டினான். காலியாக இருந்த இடத்தில் மணி வந்து பொருந்தியது.

சற்று நேரத்தில் அவன் போன் அடித்தது. விடுமுறை நாளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிடுவது அவனைத்தான்.

“சார், பதினாலாம் பெட்லேர்ந்து கால் வருது. பூட்டைத் திறந்து உள்ள வந்து நிக்கிறேன்” என்றாள் நர்ஸ்.

“ஒயரைப் பிடுங்கிடுங்க.”

“பிடுங்கிட்டேன். ஒயர் என் கையிலதான் இருக்கு.” அவள் குரல் இறங்கியது. “பெட்ல யாரும் இல்ல, சார். மெத்தை பள்ளமா இருக்கு. பட்டன் தானா உள்ள போகுது.”

தப்பு என்னுடையது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். போனை மறு காதுக்கு மாற்றினான்.

“பள்ளம் ஓரத்துக்கு வந்திருக்கு, சார். எழுந்து உக்காந்த மாதிரி.”

அவன் லாகைப் பார்த்தான்; புதிதாக அழைப்பு ஏதும் இல்லை.

“இப்ப அந்தப் பள்ளமும் இல்ல, சார்.”

எதிரே கிடந்த காலி நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.