எமில்டாவின் ஒருசந்தி

அமிர்தநாதர் அன்று காலைத் தேத்தண்ணியைத் தொடவில்லை. எமில்டாவுக்கு விளங்கிவிட்டது. இந்த மனுசனுக்குக் கோபம் வந்தால் முதல் தண்டனை தேத்தண்ணிக்கு, அடுத்தது பெண்சாதிக்கு!

"நேற்று வெக்ஸ்போர்ட் ஃபுட்பாங்க் லைனிலை நிண்டது ஆர்?"

பிட்டுக் குழைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"நீக்கிலாப்பிள்ளை தன்ரை கண்ணாலை கண்டவராம். என்ரை மனிசி அப்பிடிப்பட்டவள் இல்லையெண்டு அவரோடை சண்டைக்கே போயிட்டன். சொல்லு எமில்டா... நீயோ?"

"ஓமப்பா... நான்தான்."

"ஐயோ, அந்தோனியாரே! இல்லாததுகளுக்குச் சும்மா குடுக்கிற சாப்பாட்டுச் சாமானிலை போய்க் கை வைச்சியே! என்ன குறை வைச்சனான் உனக்கு?"

அவர் துடித்ததிலும் நியாயம் இருந்தது. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் அவர்களுடைய கோயில் பங்கிலுள்ள தமிழ் உதவிச் சபைக்கு அவர்தான் தலைவர். சாமான் கேட்டு யார் வந்தாலும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடமாட்டார். சபையில் தன்னுடைய வலதுகையான நீக்கிலாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கேட்டவர்களுடைய வீட்டுக்கே போவார். நேரே குசினிக்குள் புகுந்து ஃபிரிட்ஜைத் திறப்பார், அரிசி வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். காதில் தோடு கிடந்தால், "உதை வித்துச் சாப்பிடலாமே பிள்ளை" என்பார். உண்மையான ஏழையைப் பொறுக்கி எடுக்கிறாராம்! அன்றைக்கும் அன்ரனெற் என்றொரு கைம்பெண்ணின் குசினியைப் பார்க்கத்தான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எமில்டா தப்பியிருப்பாள். அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. மாரியில் இவருக்கு இருதய ஒப்பரேசன் நடந்த கையோடு மகன் ஜஸ்ரினுக்கு வேலை போய்விட்டது. "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அம்மா... அவர் தாங்கமாட்டார்" என்று அழுது சத்தியம் வாங்கியிருந்தான். இப்போதும் காலையில் ஒஃபிசுக்குப் போகிறவன்போலச் சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிடுவான். காருக்குள் அதைக் கழற்றிவிட்டு, வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுப்பான். அந்த உழைப்பு முழுவதையும் வீட்டு மோர்ட்கேஜ் கடன் விழுங்கியது. மருமகள் நதீஷாவோ நிறைமாதக்காரி. அவளுக்காவது வாய்க்கு ருசியாக ஏதும் வைக்கவேண்டாமா?

"வாயிலை என்ன கொழுக்கட்டையோ? நாளைக்குப் பூசை முடிய, சபைக்கு முன்னாலை நிண்டு நீ மன்னிப்புக் கேக்கவேணும்! இல்லாட்டி நான் தலைவரெண்டு அங்கை நிக்கேலாது."

எமில்டா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகனுடைய மானமா, தன்னுடைய மானமா? அவளுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது!

"கேக்கிறனப்பா... கள்ளியெண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லுறன். நீங்கள் கத்தாதேங்கோ, நெஞ்சு நோகப்போகுது."

"அம்மா!"

மாடிப்படியில் ஜஸ்ரின் நின்றான். ஓடிவந்து தகப்பனுடைய காலடியில் விழாத குறையாகக் குந்திவிட்டான்.

"அம்மா ஒரு பிழையும் செய்யேல்லை, அப்பா! எனக்கு வேலை இல்லை... மாரியிலையே போயிட்டுது. நான்தான் சொல்லவேண்டாமெண்டு அம்மாவைக் கட்டிப்போட்டனான். நீங்கள் இவ்வளவு நாளும் சாப்பிட்டது அம்மா லைனிலை நிண்டு கொண்டுவந்த சாமான்!"

அமிர்தநாதர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு விறுவிறென்று போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். ஊரார் வீட்டு ஃபிரிட்ஜை எல்லாம் திறந்த மனுசன், தன்னுடைய வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து எத்தனை காலமோ! உள்ளே பாதி முட்டைக்கோவா, ஒரு போத்தல் பால், நாலைந்து முட்டை. அவ்வளவுதான்.

"அப்ப... உன்ரை ஒருசந்தி?" என்று எமில்டாவைத் திரும்பிப் பார்த்தார். தன்னுடைய சுகத்துக்காக மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து மனைவி ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறாள் என்று சபை முழுக்கப் பெருமை அடித்தவர் அவர்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த நதீஷா வெடித்தாள்.

"என்ன ஒருசந்தி மாமா? தவக்காலம் முடிஞ்சு எவ்வளவு நாள்! எங்களுக்குப் போட்டால் மாமிக்கு மிஞ்சாது, அதுதான் ஒருசந்தி! அந்தப் பாவத்தைச் சாப்பிட்டுத்தான் என்ரை பிள்ளை வளருது!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நான் யூனிவேர்சிற்றியிலை ஹிஸ்ரி படிச்சனான். விக்ரோறியா ராணி காலத்திலை இங்கிலாந்துப் பணக்காரர் இப்பிடித்தான் ஏழையளின்ரை வீட்டுக்குள்ளை போய்ச் சட்டி பானை பாப்பினம். நல்ல ஏழை, கூடாத ஏழையெண்டு பிரிச்சுத்தான் உதவி குடுப்பினம். பிறகு அங்கையே சனம் அது பிழையெண்டு உணர்ந்திட்டுது. நீங்கள் அதை ஸ்காபரோவிலை தொடங்கியிருக்கிறியள்!"

"பிள்ளை, காணும். மாமாவை அப்பிடிக் கதைக்காதை," என்றாள் எமில்டா. அப்போதும் அவருக்காகத்தான் பேசினாள்.

அமிர்தநாதர் கதிரையில் தொப்பென்று இருந்தார். "என்னட்டை ஏனப்பா கேக்கேல்லை? எங்கடை சபை இருந்ததே..."

"எப்பிடிக் கேக்கிறது?" முதல் தடவையாக எமில்டாவின் குரல் உயர்ந்தது. "நீக்கிலாப்பிள்ளை அண்ணைக்கு முன்னாலை நானும் அரிசி வாளியைத் திறந்து காட்டவேணுமே! பசியைத் தாங்குவன். அதைத் தாங்கமாட்டன்."

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. நீக்கிலாப்பிள்ளை வந்துவிட்டார். அமிர்தநாதர் தள்ளாடிப் போய்க் கதவைத் திறந்தார்.

"நான் வரேல்லை. நீரும் உள்ளுக்குப் போகாதையும். அன்ரனெற் பிள்ளையின்ரை வாசலிலை சாமான் பெட்டியை வைச்சு, மணியை அடிச்சிட்டு வாரும். இனி ஒருத்தரின்ரை குசினிக்குள்ளையும் நாங்கள் போறேல்லை!"

அடுத்த வெள்ளிக்கிழமை வெக்ஸ்போர்ட் வரிசையில் எமில்டாவுக்குப் பக்கத்தில் அவரும் நின்றார். வரவேண்டாமென்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. தெரிந்த முகங்கள் இரண்டு திரும்பிப் பார்த்தன. முகத்தை மறைக்க அவர் தொப்பியை இறக்கிவிடவும் இல்லை.

அவர்களுடைய முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற வெள்ளைக்காரப் பெட்டை சிரித்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நாலு பேர் என்றார். நதீஷாவை நினைத்து, "ஐந்தாவது வரப்போகுது" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் மனம் நிறைய வாழ்த்திவிட்டுப் பைகளை நீட்டினாள்.

அவர் பையை வாங்காமல் நின்றார். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். அது வரவில்லை.

"எமில்டா... வேறை ஒண்டும் கேக்கேல்லையே இவள்..." என்றவர், அத்தனை சனத்துக்கும் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எமில்டா அவருடைய முதுகைத் தடவிவிட்டாள். அவளுடைய கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"அழாதேங்கோ அப்பா... பின்னாலை ஆக்கள் நிக்கினம். பையைப் பிடியுங்கோ."