மேடையில் ஒரு நாற்காலி

பிரதேச சபைத் தேர்தல் நாள். விடிந்ததும் விடியாததுமாக இராசையா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்ட லயத்து வாசலில் நின்றார். கல்யாணமான நாள் முதல் அவர் காட்டிய சின்னத்துக்கே புள்ளடி போட்டுப் பழகிய ஜெயலெட்சுமிக்கு இந்தத் தடவை கால் எழவில்லை.

"ரெண்டு பேரும் கெளம்புங்க. ஜெனீரா, நீயுந்தான் புள்ள. நீயே நம்ம கட்சிக்குப் போட்டா ஊரு வாய மூடும்."

அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த மருமகள் நிமிரவில்லை. பசறையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பெண். மகன் நிமலனைக் கட்டிக்கொண்டு மடுல்சீமைக்கு வந்தவள். அவன் கொழும்பில் வேலை, இவளுக்கு ஏழு மாதம். முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்காதீர்கள், வந்தேறிகளைத் துரத்துவோம் என்று போன கிழமை அந்தக் கட்சி மைக் கட்டிக் கத்தியதை அவளும்தான் கேட்டாள்.

"சரி மாமா..." என்றாள்.

ஜெயலெட்சுமி வாசலுக்கு வந்தாள்.

"நம்மளையும் ஒரு காலத்துல இப்படித்தானே சொன்னாங்க... ஒங்க அப்பா பிரஜாவுரிமை இல்லாமலே செத்தாரு. மறந்து போச்சாங்க?"

"மறக்கல. அதனாலதான். இப்பவாவது தொரத்தப்படுறவங்க பக்கம் நிக்காம, தொரத்துறவங்க பக்கம் நிக்கணும்." இராசையா சட்டைக் கையை இழுத்துவிட்டார். "காலையில பெரட்டுல ஆள் பேரு கூப்பிட்டு வேலைக்கு அனுப்புன கங்காணி நான். கம்பெனி தேயிலைய வீட்டுக்கு வீடு பங்கு பிரிச்சுக் குடுத்துச்சு, பெரட்டே இல்லாமப் போச்சு. அப்புறம் ஒரு பய மதிக்கல. அவங்கதான் மேடையில கூப்பிட்டு உக்கார வச்சாங்க."

"அதுக்கு இவ அப்பன் கடைதான் கெடச்சுச்சா?"

"இவ வேற. இவ நம்ம புள்ள."

மனுசனுக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி. அதற்காக மருமகள் பிறந்த வீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஜெனீரா ரொட்டிக் கல்லை இறக்கி வைத்தாள். "மாமி, நான் வாப்பா வீட்டுக்குப் போறேன். மாமா சொன்னதுக்கெல்லாம் நீங்களும் தலையாட்டுவீங்களே... ஒங்களுக்கும் என் மேல வெறுப்புன்னு நெனச்சிட்டேன்."

"ஆட்டுனேன்டி. என் தப்புத்தான்." ஜெயலெட்சுமி அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். பிறகு ஜெயலெட்சுமி தன் சேலைகள் இரண்டையும் அவள் பைக்குள் வைத்தாள்.

"நீ எதுக்குப் போற? ஒன்னை யாரும் போகச் சொல்லலையே," என்றார் இராசையா மனைவியிடம்.

"அவளையும் யாரும் சொல்லலீங்க."

பசறை பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். அது வளைவில் மறையும் வரை இராசையா பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.