சலூன் மாமாவின் தூங்குமூஞ்சிப் பெட்டி

அப்பாவின் செல்போன் மேசைமேல் கிடந்து அலறியது. அதைக் கடையிலேயே மறந்துவிட்டு அவர் சாமான் வாங்கப் போயிருந்தார். எறும்புதான் எடுத்தாள்.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் ஒரு நொடி சும்மா உட்காரமாட்டாள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் எறும்புதான்.

"எங்கே உங்க அப்பா? ரிப்பேர் பண்ணித் தந்தாராம் ரிப்பேர்! பெட்டி செத்துக் கிடக்கு!"

அடுத்த தெரு சலூன் மாமா. எறும்பு பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அப்பா சொந்தமாக ரிப்பேர் கடை போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. சலூன் மாமாவின் இன்வெர்ட்டர்தான் முதல் பெரிய வேலை. கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து விளக்கை எரியவைக்கும் பெட்டி அது. கரண்ட் இருக்கும்போது அந்தப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்.

சலூனுக்கு வருகிறவர்கள் சவரம் மட்டும் செய்துகொண்டு போவதில்லை. ஊர்ச் செய்தி முழுவதையும் அள்ளிக்கொண்டு போவார்கள். 'அவருக்கு வேலை தெரியாது' என்று அங்கே ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அப்பா கடைக்கு ஈ, காக்கை வராது.

கடைக்குப் பின்னால் வீட்டிலிருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எறும்பு சலூனுக்கு ஓடினாள்.

சலூன் நாற்காலியில் வேன் ஓட்டும் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது கன்னம் பளபளவென்று இருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"நீயாவது சொல்லு பாப்பா. மீதிப் பாதியைச் செய்யமாட்டேங்கிறார்" என்றார் அவர்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கோபமா இருக்கும்போது நான் கத்தியைத் தொடமாட்டேன். தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

"நல்ல பழக்கம்தான். ஆனா உங்க கோபத்துக்கு என் கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "பாரு. நீயே பாரு" என்று பெட்டியைக் காட்டினார்.

எறும்பு பார்த்தாள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது. பெட்டியின் பிளக் சுவரில் செருகியிருந்தது. ஆனாலும் பெட்டியில் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. அதன் பின்னாலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு தடித்த வயர்கள் அந்தரத்தில் தொங்கின.

"பேட்டரி எங்கே மாமா?"

"பேட்டரிக் கடையில சார்ஜ் போடக் கொடுத்திருக்கேன். சாயங்காலம் வரும். அதுக்குள்ள பெட்டி ஓடுதான்னு போட்டுப் பார்த்தேன். ஓடலை!"

அப்பாவின் வேலை மேசை எறும்பின் நினைவுக்கு வந்தது. முதலில் பேட்டரி வயர்கள். அப்புறம்தான் பிளக். அப்பா அதை மாற்றிச் செய்து அவள் பார்த்ததே இல்லை. ஏன் என்று கேட்டதும் இல்லை.

"அப்பா பேட்டரியை மாட்டாம இந்தப் பெட்டியைப் போட்டதே இல்ல மாமா."

"கரண்ட் போனாத்தானே பேட்டரி வேணும்? இப்பதான் கரண்ட் இருக்கே! அதோட, பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்துற பெட்டிக்கே பேட்டரி வேணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

பெஞ்சில் தலைகள் ஆடின. எறும்புக்கே அது நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் யோசித்தாள்.

"பெட்டிக்குள்ள மூளை மாதிரி ஒண்ணு இருக்குமில்ல? இந்தப் பெட்டியில அதுக்குச் சாப்பாடே பேட்டரியிலேர்ந்துதான் வருதோ என்னவோ. பேட்டரி இல்லேன்னா அது தூங்கிட்டே இருக்கும். கரண்ட் வாசல்ல வந்து நின்னாலும் கதவைத் திறக்க ஆள் வேணுமே!"

"இது உனக்குத் தெரியுமா? இல்ல, நீயா நினைக்கிறியா?"

"நினைக்கிறேன்" என்று உண்மையைச் சொன்னாள் எறும்பு. "பேட்டரியை மாட்டினா தெரிஞ்சுடும். அதுவரைக்கும் அப்பாவைப் பத்தி யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க மாமா."

மாமா தொங்கும் வயர்களைக் குனிந்து பார்த்தார். வேன் அண்ணன்தான் எழுந்தார். "நானே போய் பேட்டரியை எடுத்துட்டு வரேன். சாயங்காலம் வரைக்கும் நுரையோட உட்கார என்னால முடியாது."

கழுத்தில் துண்டோடு, பாதி முகத்தில் நுரையோடு, அவர் வேனைக் கிளப்பினார்.

திரும்பி வந்தபோது பெஞ்சிலிருந்த ஒருவரும் கைகொடுக்க, இரண்டு பேருமாக மூச்சு வாங்கப் பேட்டரியை இறக்கினார்கள். "வழியில ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீல்னு அழுதுடுச்சு" என்றார் வேன் அண்ணன்.

எறும்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். "முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க மாமா. இப்ப சிவப்பு வயர், கூட்டல் குறி இருக்கிற பக்கம். கறுப்பு, கழித்தல் குறி இருக்கிற பக்கம். நட்டை நல்லா முறுக்குங்க."

மாமா முறுக்கினார். பெட்டியின் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஒருவேளை அப்பாதான் தப்பாக...

'டிக்.'

ஒரு பச்சை விளக்கு கண்ணைத் திறந்தது. மாமா பிளக்கைச் செருகினார். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் விளக்கும் எரிந்தது. அப்புறம் சந்தேகத்தோடு மெயின் சுவிட்சை அணைத்தார். கண்ணாடிக்கு மேலே இருந்த விளக்கு அணையவே இல்லை!

"அட, தூங்குமூஞ்சி!" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவசரப்பட்டு எல்லார் முன்னாடியும் கத்திட்டேனே, பாப்பா."

"நாங்களும் முன்னாடியே சொல்லியிருக்கணும் மாமா" என்றாள் எறும்பு.

மாமா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"கோபம் போயிடுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றபடி நாற்காலியில் சாய்ந்தார் வேன் அண்ணன். இப்போது மாமாவும் சிரித்தார்.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தபோது கடை வாசலில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மிக்ஸி, ஒருவர் கையில் இஸ்திரிப் பெட்டி, இன்னொருவர் தோளில் ஒரு பழைய ஃபேன்.

அப்பாவின் முகம் வெளிறியது. எறும்பை ஓரமாக இழுத்துப்போய், "என்ன கூட்டம் இது? ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று கேட்டார்.

"தப்பெல்லாம் இல்லப்பா, வேலை! சலூன் மாமா அனுப்பியிருக்கார். நீங்க கையைக் காலைக் கழுவிட்டு வாங்க, நான் இவங்களை வரிசையா நிக்கவைக்கிறேன்" என்றாள் எறும்பு.