புட்டுவின் உலா அனுமதி

காலை ஆறு மணிக்கு எங்கள் பூனை புட்டு கதவைப் பிறாண்டத் தொடங்கும். அதன் கழுத்தில் ஒரு பட்டையும், கட்டிலில் கிடக்கும் என் கணவர் கவினின் நெற்றியில் இன்னொரு பட்டையும் மாட்டுவேன். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தால்தான் கதவு திறக்கும். அதுவரை புட்டு என்னைத் திட்டித் தீர்க்கும். வெள்ளையாக இருக்கிறதே என்று புட்டு எனப் பெயர் வைத்தோம்; குணமெல்லாம் மிளகாய்.

எங்கள் கோவையில் பூனை தனியாக வெளியே போகக் கூடாது. பூனைகள் வேட்டையாடியே சிட்டுகள் அற்றுப்போய், புழு பெருகி, மூன்று வருஷம் கத்திரிக்காயைக் கண்ணால் பார்க்காமல் இருந்த பிறகு வந்த சட்டம் அது. அடைத்தே வை என்று ஒரு கட்சி, அதன் இயல்பைக் கெடுக்காதே என்று ஒரு கட்சி. சண்டை ஓயாமல் கடைசியில் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பூனை போகலாம், ஆனால் வீட்டில் ஒருவர் இந்த உணர்பட்டையை அணிய வேண்டும். பூனை பார்ப்பது, முகர்வது, மிதிப்பது எல்லாம் அவருக்கும் தெரியும். பறவையைக் கண்டு அது பதுங்கினால் அவர் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும்; கழுத்துப்பட்டை அதிர்ந்து பூனை திரும்பிவிடும். அழுத்தாமல் ஒரு பறவை செத்தாலும் பூனை ஆயுளுக்கும் வீட்டுக்குள்தான். அணிந்தவரின் உடல்நலக் காரணம் என்றால் மட்டும் மன்னிப்பு உண்டு.

மற்றவர்களுக்கு இது தண்டனை. கவினுக்கு இதுதான் உயிர். நாலு வருஷத்துக்கு முன் மாடியிலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே அவருக்கு அசைவது வலது கட்டைவிரல் மட்டும். தினமும் இரண்டு மணி நேரம் புட்டுவோடு மதில்மேல் நடந்துவிட்டு வந்து, மண் ஈரமாக இருந்தது என்று என்னிடம் சொல்வார்.

போன செவ்வாய்க்கிழமை புட்டு ஒரு தையல்சிட்டைக் கொன்றது. மறுநாளே ஆய்வாளர் மித்ரா வந்துவிட்டாள். நல்ல பெண். கட்டிலையும் பட்டனையும் பார்த்தாள்.

"விரல் மரத்துப்போச்சுன்னு எழுதிக்கிறேன் சார். ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அனுமதி அப்படியே இருக்கும்."

"அப்பப்ப மரத்துப் போகுங்க அவருக்கு" என்று நான் முந்திக்கொண்டேன்.

கவின் என்னைப் பார்த்தார். "வெரலு நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான்தான் அழுத்தலை."

"ஏனுங்க, பேசாம இருங்க!"

"அது பாய்ஞ்சப்ப ரெண்டு காலும் தரையில இருந்து எந்திரிச்சுது, யாழினி. என் காலு. எப்படி நிறுத்தறது?"

மித்ரா எழுதவில்லை. "நீங்க சொன்னதை நான் கேட்கலை சார். இன்னொரு தடவை கேட்கிறேன்."

"கேட்டாலும் அதேதாங்க. அந்தச் சிட்டு என் வாயிலதான் இருந்துச்சு. சூடா இருந்துச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குச்சு. எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க." சற்று மூச்சு வாங்கினார். "நாளைக்கு விட்டீங்கன்னா நாளைக்கும் அழுத்த மாட்டேன். பூனைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவள் இரண்டு பட்டைகளையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு பொய், ஒரே ஒரு பொய். ஊரில் உள்ளவன் எல்லாம் இதைவிட அற்பக் காரியத்துக்குச் சொல்கிறான். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. கஞ்சியை ஊட்டும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளும் புட்டு கதவருகே கத்தியது. ஒரு மணி நேரம் பிறாண்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது. கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த கவின் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தத்தையே காணோம். எங்க போச்சு அது?"

புட்டு அவருடைய கால்கள்மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.