மெய்ச்செவிக்குச் சொன்ன வார்த்தை

"உளுந்து விளைச்சல் எப்படி?" என்று மெய்ச்செவி கேட்டது.

நான்கு ஏக்கரும் மழையில்லாமல் கருகிக் கிடந்தன. அழகுத்தாய் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு, கருகிய செடிகளுக்கு நடுவில் நின்று, "நெறஞ்சிருக்கு" என்றாள்.

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. "உண்மை. விளைச்சல் நிறைவு. நிவாரணம் தேவையில்லை."

அதைக் கையில் பிடித்திருந்த வேளாண் அலுவலர் நித்திலாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க? ஒண்ணுமே இல்லைன்னு சொல்லணும்!"

"அதத்தான தாயி சொன்னேன். வெளயிற மண்ணுல நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய வாயால சொல்லலாமா? வீட்டுல உப்புத் தீந்தாக்கூட நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம்."

நித்திலா நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவள். அவளுக்கு இது புதுச் செய்தி. கருவியைச் செய்தவர்களுக்கும் இதை யாரும் சொல்லவில்லை.

மெய்ச்செவி ஒன்றும் வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. விவசாயிகளே சாலையில் உட்கார்ந்து கேட்டு வாங்கியதுதான். அதிகாரி எழுதுவதே சேதம் என்றிருந்த காலத்தில், அலுவலக வாசலில் காத்துக் கிடந்து அலுத்துப்போனவர்கள், "எங்க வாய்ச்சொல்ல நம்புங்க" என்றார்கள். அரசு பெரிய மனது பண்ணி நம்பியது. நம்புவதற்கு ஒரு கருவியும் செய்தது. குரல்வளையின் நடுக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் அளந்து, பேச்சு மெய்யா பொய்யா என்று அது தீர்ப்புச் சொல்லிவிடும். விவசாயி தன் நிலத்தில் நின்று பேச வேண்டும். அதிகாரி நடுவில் புகுந்து ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

பக்கத்து நிலத்துக் கந்தவேலுக்கு ஆழ்குழாய்க் கிணறு உண்டு. பன்னிரண்டு மூட்டை உளுந்தை வீட்டுக்குள் அடுக்கிவிட்டு வந்து, "ஒரு மணிகூடத் தேறல" என்று கண் சிமிட்டாமல் சொன்னான். அவனுக்கும் பச்சை. பொய் பேசிப் பழகிய தொண்டை எதற்கு நடுங்கப்போகிறது?

மறுமுறையீட்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. அதில் தேறினால் விதை உளுந்தும் உழவு மானியமும் வரும். தேறாவிட்டால் வரும் பட்டத்தில் விதைக்க வழியில்லை. தரிசாகக் கிடக்கும் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு சூரியத் தகடுகளைப் பதித்துவிடும்.

அதற்கு முந்தைய மூன்று நாளும் அழகுத்தாய் ஒத்திகை பார்த்தாள். அடுப்படியில் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது, வாசலிலும் கூடாது. ஊருக்கு வெளியே தார்ச்சாலைக்குப் போய், போகிற லாரிகளைப் பார்த்து "இல்ல, இல்ல" என்று சொல்லிச் சொல்லிப் பழகினாள். அங்கே வார்த்தை தங்குதடையில்லாமல் வந்தது.

நான்காம் நாள் காலையில் நித்திலா வந்தாள். இருவரும் நிலத்தில் இறங்கினார்கள்.

"உளுந்து விளைச்சல் எப்படி?"

கணவன் போன பிறகு இருபத்திரண்டு வருடம் தனி ஆளாகப் பாடுபட்ட மண் அது. அழகுத்தாய்க்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இ… இல்ல. ஒண்ணுமே இல்ல" என்று எப்படியோ சொல்லிவிட்டு, உடனே குனிந்து மண்ணைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "பொய்."

"கண்ணால பார்க்குறேனே, எல்லாம் கருகிக் கிடக்கு!" என்று நித்திலா கத்தினாள்.

"அலுவலர் கூற்று ஏற்கப்படாது."

நித்திலா ஒரு செடியை வேரோடு பிடுங்கிக் கருவியின் முன்னால் நீட்டினாள். அதற்குக் காது மட்டும்தான் வைத்திருந்தார்கள். அது பாட்டுக்குத் தீர்ப்பை வாசித்தது: "பொய்யுரைத்தவருக்கு ஆறு பட்டங்களுக்கு விதை இல்லை. மானியம் இல்லை. இனி முறையீடு இல்லை."

நிலம் கைவிட்டுப் போகிறது என்பது அழகுத்தாய்க்கு நன்றாகவே புரிந்தது. பதறிப்போய் நித்திலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் மண்ணுல நின்னுக்கிட்டு மூணு தடவ அந்த வார்த்தையச் சொல்லுதே. அந்தச் சனியனைக் கொண்டுபோயி ரோட்டுல வச்சுப் பேசச் சொல்லு தாயி. நெலம் இன்னும் என் பேர்லதான இருக்கு."