ஆறரை மணி நேரப் பயணம்

எண்பத்தாறாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் புக்கிட் ரோத்தான் தோட்டத்து அமராவதி, கோலசிலாங்கூரில் தங்கராஜுவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தங்கராஜு போலீசில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கூட்டாளி டாக்சிக்காரர் சேது, கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வம்பு என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அவள் நீட்டியது ஒரு மொட்டைக் கடுதாசி. அவள் கணவன் காளியண்ணன் பெயருக்கு வந்தது. இடக்கையால் கிறுக்கிய எழுத்து.

'உன் பெண்டாட்டி மெட்ராசிலிருந்து வந்த விமானத்தில் அடுத்த சீட்டுக்காரனோடு ஆறரை மணி நேரமும் குலாவினாள். பின்னால் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன்.'

"தங்கச்சி பிரசவத்துக்குப் போய்ட்டு வந்தேண்ணே. பக்கத்துல ஒரு வயசான அம்மாதான் உக்காந்திருந்தாங்க. அவரு நம்ப மாட்டேங்கிறாரு. நாளைக்கே உங்கப்பன் வீட்டுக்குப் போயிடுன்னு நிக்கிறாரு. பிள்ளைங்கள அனுப்ப மாட்டாராம்."

சேதுவுக்கு உடனே ஆள் அகப்பட்டுவிட்டான். "உலு யாம் அழகேசன்தாண்ணே. அதே ப்ளேன்ல வந்தவன். இந்தப் பொண்ணக் கேட்டுக் கிடைக்கலன்னு இன்னும் வயிறெரியுறான் லா." அழகேசனின் புதுக் காரைப் பார்த்துத் தமக்கும் வயிறு எரிவதை அவர் சொல்லவில்லை.

தங்கராஜு கடிதத்தை மறுபடி படித்தார். "டிக்கெட் எங்கம்மா?"

"சுபாங் ஏர்போர்ட்ல இறங்கினதுமே அவரு வாங்கிட்டாரு. பெட்டியில பூட்டி வச்சிருக்காரு."

மாலையில் சேது தம் டாக்சியிலேயே போய்க் காளியண்ணனையும் அழகேசனையும் அழைத்து வந்தார். அழகேசன் மாட்டப்போகிறான் என்று அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

"விமானத்துல எவ்வளவு நேரம் இருந்தீங்க?" என்றார் தங்கராஜு.

"நாலு மணி நேரம்," என்றான் அழகேசன். அமராவதியும் அதையே சொன்னாள்.

காளியண்ணன் துள்ளி எழுந்தான். "ரெண்டு பேரும் பேசி வச்சுப் புளுகுறாங்க. மத்தியானம் பன்னண்டுக்கு ஏறி ஆறரைக்கு இறங்கியிருக்கா. டிக்கெட் உறையிலயே எழுதியிருக்கு."

"நீங்க ப்ளேன் ஏறினதுண்டா?"

"இல்ல."

"பன்னண்டு மெட்ராஸ் நேரம். ஆறரை நம்ம நேரம். நம்ம கடிகாரம் ரெண்டரை மணி முன்னால ஓடுது. கழிச்சா நாலு மணி நேரம்தான். உள்ள உக்காந்து வந்தவன் ஆறரைன்னு எழுத மாட்டான், காளியண்ணன். டிக்கெட்டப் பாத்துக் கணக்குப் போட்டவன்தான் எழுதுவான். பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

காளியண்ணன் தலை குனிந்தான். சேதுவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"தோட்டத்து லயத்து வீடெல்லாம் இவளச் சுத்தி உக்காந்து ப்ளேன் கதை கேக்குது. அழகேசனும் அதுலதான் வந்தான்னு யாரோ சொன்னதும் எனக்குப் பொறுக்கல. நானே கடுதாசி எழுதி மிரட்டினா உண்மை வரும்னு நெனச்சேன்," என்றான் காளியண்ணன்.

அமராவதி அழவில்லை. "போறப்போ பத்துக்கு ஏறி, மெட்ராஸ்ல பதினொன்றரைக்கு இறங்கினேன். உங்க கணக்குல ஒன்றரை மணி நேரம். அத ஏன் கேக்கல?"

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான்.

"கூடுன நேரத்த மட்டும் எண்ணியிருக்கீங்க, குறைஞ்சத எண்ணல. நாளைக்குப் போகச் சொன்னீங்கல்ல? போறேன். பிள்ளைங்களும் என்கூடத்தான் வர்றாங்க."

அவன் பெட்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.