இரண்டு துளை தளர்வு!

குதிரை மட்டும் வந்தது!

கூடார வாசலில் சேணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள். கரிச்சான்! காலையில் கணவன் ஏறிப் போன குதிரை. வாயெல்லாம் நுரை. முதுகில் ஆளில்லை.

"ஐயோ... அவரு எங்கடா?"

அவளும் கணவனும் காட்டுக்குள் குதிரைச் சவாரி முகாம் நடத்துகிறவர்கள். நாளை வரப்போகும் பயணிகளுக்காகப் பாதையைச் சரிபார்க்க, கணவனும் அவன் தம்பியும் கிளம்பியிருந்தார்கள்.

கால் மணி கழித்துத் தம்பி வந்து குதித்தான்.

"மோசம் போயிட்டோம் அண்ணி! ஆத்தைத் தாண்டறப்போ கரிச்சான் மிரண்டு அண்ணனைத் தூக்கிப் போட்டுடுச்சு. வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு!"

வனத்துறை ரேஞ்சர் ஜீப்பில் பறந்து வந்தார். வயர்லெஸ்ஸில் கத்தினார்.

"எல்லாரும் ஆத்தோரமா கீழ இறங்கித் தேடுங்க! மணி மூணு. ஆறு மணிக்கு இருட்டிடும். அப்புறம் இந்தக் குளிர்ல..."

அவளைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

மூன்றே மணி நேரம்!

கரிச்சானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பழக்கதோஷம்... கை தானாகக் குதிரையின் வயிற்றுக்கடியில் போனது.

நின்றது!

"சார்... சத்தம் போடாம இங்க வாங்க."

"என்னம்மா?"

"இந்த வயித்துப்பட்டையைப் பாருங்க. சேணத்தைப் பிடிச்சு வச்சிருக்கறதே இதுதான். ஏறும்போது இறுக்குவோம். எறங்கி ஓய்வெடுக்கறப்போ, பாவம், குதிரையும் நல்லா மூச்சு விடட்டும்னு ரெண்டு துளை தளர்த்துவோம். இப்போ ரெண்டு துளை தளர்ந்திருக்கு!"

"அதனால?"

"இப்படியே ஏறி ஆத்துல இறங்கினா சேணம் சுத்திக்கிட்டு வயித்துக்கடியில போயிடும் சார். இது முதுகுலயே உக்காந்திருக்கு. இன்னொண்ணு... சேணப் பையில கையை விடுங்க."

விட்டார். கைநிறைய ஓட்ஸ் வந்தது. பொரபொரவென்று.

"ஆளையே அடிச்சிட்டுப் போன வெள்ளம் இதை நனைக்கலையா?"

ரேஞ்சரின் தாடை இறுகியது. "குதிரை ஆத்துப் பக்கமே போகல! இப்பவே அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கறேன்!"

"வேணாம் சார்!" அவர் கையைப் பற்றினாள். "பிடிச்சா வாயே திறக்க மாட்டான். இவ்வளவு பெரிய காட்டுல அவரு எங்க கிடக்கறாருன்னு நமக்குத் தெரியறதுக்குள்ள விறைச்சுப் போயிடுவாரு. அவனே கூட்டிட்டுப் போகணும்!"

"எப்படிம்மா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனாள். தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி... கரிச்சானோட கட்டுக்கயிறைக் காணோமே. எங்கயாவது எறங்கி மரத்துல கட்டினீங்களா?"

டம்ளர் தளும்பியது.

"இ... இல்லையே அண்ணி. நாங்க எங்கயும் எறங்கவே இல்லையே!"

"அப்போ வழியில விழுந்திருக்கும். ரேஞ்சர் மோப்ப நாய்க்குச் சொல்லியிருக்காரு. காடு பூரா அலசப்போறாங்களாம்."

ஐந்தே நிமிடம்.

"நானும் போய் ஆத்தோரம் தேடறேன் அண்ணி!"

ஏறினான். முகாமைத் தாண்டியதும் அவன் குதிரை திரும்பியது...

மலைப்பக்கம்!

இரண்டு குதிரைகளின் குளம்புகளிலும் சாக்குத் துணியைச் சுற்றினாள். சத்தமே வராது. ரேஞ்சரும் அவளும் பின்தொடர்ந்தார்கள். வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி... 'அணைஞ்சிடாதே... இன்னும் கொஞ்ச நேரம்!'

உச்சியில் ஒரு பைன் மரம். பக்கத்திலேயே பள்ளம். தம்பி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். மண்டியிட்டுச் சருகைக் கிளறினான்.

"கிடைக்கலையா தம்பி?"

விருட்டென்று திரும்பினான். அவள் கையில் சுருட்டிய நீளமான கட்டுக்கயிறு!

"கரிச்சான் மிரண்டு அவுத்துக்கிட்டு ஓடி வந்தப்போ இதையும் இழுத்துக்கிட்டுத்தான் வந்தான். நீ வர்றதுக்கு முன்னாடியே கழட்டி உள்ள போட்டுட்டேன்."

விளிம்புக்கு ஓடினாள்.

"என்னங்க! என்னங்க!"

மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க..." தொண்டை கிழிந்தது.

"...இங்க..."

முப்பதடி கீழே, ஒரு பாறைத் திட்டில்... அசைந்தான்!

"அவனை விடாதீங்க! நொண்டற குதிரைங்களுக்கு வலி தெரியாம ஊசி போட்டுப் போட்டு ஓட்டியிருக்கான்! போலீஸுக்குப் போறேன்னு சொன்னதும் என்னைத் தள்ளி விட்டுட்டான்!" கணவனின் குரல் கீழிருந்து திணறி வந்தது.

தம்பி ஓடினான். நாலே எட்டு... வேரில் கால் மாட்டி குப்புற விழுந்தான். ரேஞ்சரின் முழங்கால் அவன் முதுகில் இறங்கியது.

"ஐயோ... கால் பிசகிடுச்சு அண்ணி! ஒரு அடிகூட வைக்க முடியல. குதிரை மேல ஏத்தச் சொல்லுங்க!"

கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையைக் கணவனிடம் வீசியபடி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எதுக்குத் தம்பி குதிரை? உனக்கும் ஒரு ஊசி போட்டா நடந்துடுவ!"